உதட்டைத் தைத்தால் போதுமா?



மாற்றார் செய்த பிழைகளைப் பட்டியலிட்டுப் பழகிய நாக்கு, தன் பிழையைச் சொல்ல வரும்போது தயங்குகிறது. தயங்கட்டும்! வேறு எவரையும் குற்றக் கூண்டில் ஏற்றுமுன், இந்த ஞாயிற்றுக்கிழமை நானே அதில் ஏறி நிற்கிறேன்.

அண்மையில் தாம்பரம் பகுதியில் என் நாடகம் ஒன்று நடைபெற்றது. வட்டிக்கடைக்காரனின் கணக்குப்பிள்ளை அதில் ஒரு பாத்திரம். ஏழை வீட்டு அண்டாவையும் குண்டாவையும் ஏலம் போடுகிறவன். அவன்மீது மக்களுக்கு வெறுப்பு வரவேண்டும், வெறுப்போடு சிரிப்பும் வரவேண்டும் என்று கருதி, அவனை மூக்கால் பேச வைத்தேன். நடிகர் திறமைசாலி, நன்றாகவே பேசினார். கொட்டகை அதிர்ந்தது, கைதட்டல் பறந்தது. திரைமறைவில் நின்ற நான், என் பேனா வென்றுவிட்டது என்று பூரித்துப் போனேன்.

நாடகம் முடிந்தது. நடிகர்கள் முகப்பூச்சைக் கலைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தாய் வந்தார். உடன் அவர் மகன். ஆறாம் வகுப்பு படிக்கிறவன். மேலுதட்டிலிருந்து மூக்கு வரை மெல்லிய தழும்பு.

“ஐயா, நல்ல நாடகம். வட்டிக் கொடுமையைச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது போலவே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்க வந்தேன். அந்தக் கணக்குப்பிள்ளை வாயைத் திறந்தபோதெல்லாம் எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்று இவன் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதியவர் நீங்கள், நீங்கள் சொல்லுங்கள்.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். குனிந்து, “தம்பி, உன் பெயர் என்ன?” என்றேன். சொன்னான். எனக்கு விளங்கவில்லை. மீண்டும் சொன்னான். மீண்டும் விளங்கவில்லை. மூன்றாம் முறை அவன் வாய் திறக்கவில்லை; தாயின் முந்தானைக்குப் பின்னே போய் நின்றான். கணக்குப்பிள்ளையின் குரலில் நான் கேட்டுச் சிரித்தது அவனுடைய குரலைத்தான் என்பது அப்போது விளங்கிற்று!

மேடைதோறும் தமிழ் தமிழ் என்று முழங்குகிறவன் நான். தன் பெயரைத் தமிழில் சொல்ல முடியாத ஒரு தமிழ்க் குழந்தை முடிச்சூரில் வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமா? அந்தக் குழந்தையின் குறையைக் கடைச்சரக்காக்கிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இதுதான் என் குற்றம். இனி மற்றவர்களின் குற்றத்துக்கு வருவோம்.

அப்பாவும் அம்மாவான கதை

அந்தத் தாய் சொன்னார். 2014ஆம் ஆண்டு பிறந்தான் மகன். உதடும் பிளந்திருந்தது, வாயின் மேற்கூரையான அண்ணமும் பிளந்திருந்தது. தாய், அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவர். தந்தை, சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர். குழந்தைக்குச் சில மாதம் ஆனபோது, எங்கோ ஒரு முகாம் நடக்கிறது என்று யாரோ சொல்ல, எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பந்தல், பதாகை, பன்னீர்ச் செம்பு! வெளியூர் மருத்துவர்கள் வந்தார்கள், உதட்டைத் தைத்தார்கள், அழகாகவே தைத்தார்கள். ‘முன்’ என்று ஒரு படம், ‘பின்’ என்று ஒரு படம். படத்தில் தாயும் சிரித்தார். முகாம் கலைந்தது. பந்தலைப் பிரித்தவர்களோடு மருத்துவர்களும் போனார்கள்.

அண்ணம்? அதற்கு அடுத்த முறை வருவதாகச் சொன்னார்களாம். அடுத்த முறை வரவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரை மூழ்கடித்ததே, அந்த வெள்ளம் வந்தது. மருத்துவச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. வேறொரு மருத்துவமனையில் அண்ணத்தை மூடும்போது பிள்ளைக்கு நான்கு வயது நிரம்பிவிட்டது.

அதற்குள் என்ன நடந்தது? தோழர்களே, நம் இலக்கணத்தைக் கொண்டே விளக்குகிறேன். எழுத்துகள் எங்கே பிறக்கின்றன என்று சொல்வதற்கென்றே தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. மூச்சுக்காற்று எழுந்து, மிடற்றைக் கடந்து, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகள் பொருந்துவதாலே ஒலி பிறக்கிறது என்பது அதன் கருத்து. மேல்நாட்டார் ஒலியியல் என்ற துறையை வகுப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அண்ணத்தின் அருமையை எழுதிவைத்த மொழி நம் மொழி!

அந்த அண்ணத்தில் பிளவு இருந்தால்? வாய்க்குள் தேங்கி நின்று வெடிக்கவேண்டிய காற்று, மூக்கு வழியே தப்பிவிடுகிறது. க, ச, ட, த, ப, ற என்னும் வல்லினம் வலுவிழந்து நிற்கிறது. மூக்கொலியான மெல்லினமே மிஞ்சுகிறது. ‘ப’ சொல்லப் போனால் ‘ம’ வருகிறது. எனவே, தோழர்களே, அந்தக் குழந்தை மூன்று வயதில் தந்தையைப் பார்த்து ஆசையோடு, “அப்பா” என்று அழைக்க முயன்றபோது, வந்த சொல் “அம்மா!”

“என்னைப் பார்த்து ஒரு நாளாவது அப்பா என்று சொல்ல மாட்டானா?” என்று அந்த வண்ணக்காரர் ஏங்கினாராம். ஊருக்கெல்லாம் வண்ணம் தீட்டியவர் உள்ளத்தில் இப்படி ஒரு கறை!

நான்கு வயதில் அண்ணம் மூடப்பட்டது. ஆனால் நாக்கு அதற்குள் தப்பான தடத்தில் பழகிவிட்டது. தொண்டையில் ஒலியை அடைத்து அடைத்துப் பேசும் பழக்கம் வேரூன்றிவிட்டது. கத்தி அந்தப் பழக்கத்தை அறுக்காது. வாரந்தோறும், மாதக்கணக்கில், ஓர் ஒலியாக எடுத்துச் சொல்லிக்கொடுக்கும் பேச்சுப் பயிற்சி ஒன்றே அதை மாற்றும். பயிற்சி நகரின் நடுவில். போகவர ஒரு நாள். ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி. மூன்று முறை போனார். நான்காம் முறை, வேலை செய்த வீட்டுக்காரர், “இனி நீ வரவேண்டாம்” என்றார். பயிற்சி நின்றது.

பள்ளியில் ‘மந்தம்’ என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். மந்தமா அவன்? அண்ணப் பிளவு உள்ள குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் காது மந்தமாவது மிகப் பரவலாகக் காணப்படுவது. அண்ணத்துத் தசையே காதின் உட்குழலைத் திறந்து மூடும் தசை. அங்கே பழுதானால் இங்கே அடைப்பு. பார்த்தால் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். பார்க்கத்தான் ஆளில்லை! காது கேளாதவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, கவனிக்கவில்லை என்று கண்டித்திருக்கிறது கல்விக்கூடம்.

கிரகணமா காரணம்?

இதற்கெல்லாம் முன்னதாக, பிறந்த அன்றே அந்தத் தாய் ஒரு வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டார். மருத்துவமனைப் படுக்கையே கூண்டு, உறவினரே வழக்கறிஞர்கள்.

“கிரகணத்தன்று வெளியே வந்தாயா?”

“நினைவில்லையே.”

“கத்தியைத் தொட்டாயா? காய் நறுக்கினாயா?”

“நறுக்காமல் யார் சமைத்தது?”

“அப்படிச் சொல்! பிள்ளையின் உதட்டை நீதான் நறுக்கிவிட்டாய்!”

தீர்ப்பு முடிந்தது. பத்து மாதம் சுமந்தவள் பழியையும் சுமந்தாள்.

வாதாடுவோம், தோழர்களே. கருவின் முகம் எப்படி உருவாகிறது? இரு பக்கத்திலிருந்தும் தசை வளர்ந்து வந்து நடுவில் கூடி முகமாகிறது. உதடு கூடுவது நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள். அண்ணம் கூடுவது ஆறாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரத்துக்குள். நீங்களும் நானும், கோட்டையில் அமர்ந்திருப்பவரும் கோபுரத்தடியில் கிடப்பவரும், ஒரு காலத்தில் கூடாத முகத்தோடு இருந்தவர்களே! நமக்குக் கூடிற்று, அந்தக் குழந்தைக்குக் கூடவில்லை. அவ்வளவுதான் வேற்றுமை. ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம், இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிட்ட உதட்டை எப்படிப் பிளக்கும்? நிலவின் நிழலுக்கு நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டும் ஆற்றல் எங்கிருந்து வந்தது?

2019 டிசம்பர் 26ஆம் நாள் தமிழ்நாட்டு வானிலே சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று அடுப்படியில் கத்தி பிடித்த கருவுற்ற பெண்கள் அத்தனை பேருமா பிளவுற்ற பிள்ளைகளைப் பெற்றார்கள்? கிரகணம் என்றால் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் ஐரோப்பாவிலும் பிளவோடு குழந்தைகள் பிறக்கின்றனவே! உலகெங்கும் ஏறத்தாழ எழுநூறு பிறப்புக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. மரபணுவும் சூழலும் சேர்ந்து செய்கிற வேலை இது. கருவுற்ற காலத்தில் புகை, மது, கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும் என்று மருத்துவம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. தாயின் குற்றம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

ஆனால் மூடநம்பிக்கையை மட்டும் சாடிவிட்டு நான் மேடையை விட்டு இறங்கினால், அது பாதி நேர்மை. பாமரரின் அறியாமையைப் பழிப்பது எளிது. படித்தவர்களின் பகட்டைப் பழிப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

ஒரு நாள் வள்ளல்கள்

குழந்தை கண்ணீர் விட்டால் கைக்குட்டை நீட்டுகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். ஆனால் கைக்குட்டையின் நான்கு மூலையிலும் தம் பெயரைப் பொறித்துக்கொண்டுதான் நீட்டுவார்கள்! இலவச அறுவை முகாம் என்று பத்தடிப் பதாகை. அதில் குழந்தையின் படம் ஓரத்தில், கொடையாளர் படம் நடுவில். நம் இயக்கத்தாரும் இதற்கு விலக்கல்ல. தலைவர் பிறந்தநாளுக்கு முகாம் வைத்து, மறுநாள் செய்தித்தாளில் படம் வந்ததும் முகாமை மறந்த கிளைகளை நானே அறிவேன்.

“தொண்டு செய்கிறவர்களைத் தூற்றலாமா?” என்று கேட்பீர்கள். தொண்டைத் தூற்றவில்லை, துண்டு போட்ட தொண்டைத்தான் தூற்றுகிறேன்! உதட்டைத் தைப்பது ஒரு தொடக்கம். அதை முடிவு என்று காட்டுவதே மோசடி. மருத்துவர்கள் வகுத்திருக்கும் வழித்தடத்தைக் கேளுங்கள்.

பிறந்த முதல் நாளிலிருந்து பால் குடிக்கும் பயிற்சி. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் உதட்டுக்கு அறுவை. ஏறத்தாழ ஒரு வயதில், பிந்திப் போனாலும் ஒன்றரை வயதுக்குள், அண்ணத்துக்கு அறுவை. தொடர்ந்து காதுச் சோதனை. பேச்சு வரத் தொடங்கும் வயதிலிருந்து பேச்சுப் பயிற்சி. எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள், தேவைப்படுவோருக்கு ஈற்றுப் பிளவில் எலும்பு வைத்தல். பிறகு பல் வரிசைக்குக் கம்பி. வளர்ச்சி நின்றபின், பதினேழு பதினெட்டு வயதில், வேண்டியவர்களுக்குத் தாடையும் மூக்கும் சீர்செய்தல். இத்தனைக்கும் ஊடே உள்ளம் உடையாமல் பார்த்துக்கொள்ளும் உளநலத் துணை. பதினெட்டு ஆண்டுப் பயணம் இது! இதில் ஒரு நாள் வண்டியோட்டிவிட்டு, ஊர் சேர்த்துவிட்டேன் என்று உரிமை கொண்டாடுகிறவரை என்னவென்று அழைப்பது?

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணம் பிளந்த குழந்தையால் மார்பில் வாய்வைத்து உறிஞ்ச முடியாது, காற்று கசியும், களைத்துப்போகும். பசியால் எடை ஏறாது. எடை ஏறாவிட்டால், இரத்தம் ஊறாவிட்டால், அறுவைக்குத் தகுதி இல்லை. “எடை கூடியபின் வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்படும் குழந்தைகள் உண்டு. எப்படிக் கூட்டுவது என்று சொல்லித்தர ஆளில்லாத இடத்தில், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

மருந்து என்ன தெரியுமா? நம் பாட்டிமார் பரண்மேல் போட்டு வைத்திருக்கும் பாலாடை! நீண்ட மூக்குடைய அந்தச் சின்னஞ்சிறு கிண்ணம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டி, நடுநடுவே தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்தால், எத்தனையோ குழந்தைகள் தேறிவிடும். இன்றைய மருத்துவமனைகளே குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையைப் பயன்படுத்துகின்றன. இதற்கு விமானத்தில் வல்லுநர் வரவேண்டுமா? பக்கத்துத் தெருவில், சொல்லித்தரப் பயின்ற ஒரு பெண் போதுமே!

இங்கேயே நடந்திருக்கிறது!

“பேச அழகாயிருக்கிறது, நடக்குமா?” என்பார் நடைமுறைவாதிகள். நடந்திருக்கிறது!

நமக்கு எட்டிய தொலைவில், போரூரில் இருக்கிறது இராமச்சந்திரா மருத்துவ நிறுவனம். அங்கே பிளவுற்ற குழந்தைகளுக்கு அறுவை மருத்துவர், பல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், செவிச் சோதனையாளர் ஆகியோர் ஒரு குழுவாகப் பணியாற்றுகிறார்கள். அவர்கள் கட்டடத்துக்குள்ளேயே காத்திருக்கவில்லை. திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களின் சிற்றூர்களுக்குச் சென்றார்கள். அந்தந்த ஊர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி தந்து, அவர்கள் கையாலேயே பேச்சுப் பயிற்சி கிடைக்கச் செய்யும் முறையை வகுத்தார்கள். கனடா நாட்டிலிருந்து டிரான்ஸ்பார்மிங் பேசஸ் என்ற அமைப்பு துணைநின்றது. பணம் அங்கிருந்து வந்தது. அறிவும் உழைப்பும் இங்கிருந்து எழுந்தன. துணைக்கு வருகிறவருக்கும் தூக்கிச் செல்ல வருகிறவருக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

கேரளத்துத் திருச்சூரில், ஜூபிலி மிஷன் மருத்துவமனையில், மருத்துவர் அடென்வாலா என்பார் பல பத்தாண்டுகள் ஒரே ஊரில் ஊன்றி நின்று, பிளவுற்ற குழந்தைகளுக்காகவே ஒரு மையத்தை வளர்த்தார். 2020இல் மறைந்தார். கைக்குழந்தையாக அவரிடம் வந்தவர்கள் வளர்ந்து ஆளாகிய பின்னும் அதே கதவைத் தட்ட முடிந்தது. அதற்குப் பெயர் மருத்துவம்! 1999இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் என்னும் அமெரிக்க அமைப்பு, வெளிநாட்டு மருத்துவர்களை ஏற்றி அனுப்புவதை விட, உள்ளூர் மருத்துவர்களுக்கே பொருளும் பயிற்சியும் தருவது மேல் என்ற வழியைத் தேர்ந்தது. உத்தரப் பிரதேசச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய ‘ஸ்மைல் பிங்கி’ என்ற குறும்படம் 2009இல் ஆஸ்கர் விருது பெற்றது. உலகம் அந்தச் சிறுமியின் புன்னகையைப் பார்த்தது. நான் அதில் பார்த்த நாயகன், ஊர் ஊராய்ப் போய்க் குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்த சமூகப் பணியாளர்.

வெளியே எதற்குப் போகவேண்டும்? தாம்பரத்தின் வரலாற்றையே கேளுங்கள். நாள்தோறும் மின்சார இரயிலில் போகிறோமே, ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகை கண்ணில் படுகிறதே, அது என்ன சானடோரியம் என்று கேட்டோமா? 1928ஆம் ஆண்டு மருத்துவர் சௌரிமுத்து காசநோயாளருக்காக இங்கே ஒரு நலவாழ்வகம் தொடங்கினார். காசத்தைக் கொல்லும் மருந்தே உலகில் இல்லாத காலம் அது. காற்று, உணவு, ஓய்வு, கவனிப்பு, இவையே மருந்து. மாதக்கணக்கில் தங்கவைத்துக் காத்தார்கள். 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. பின்னர் 1990களில் எச்.ஐ.வி. என்றால் தொடவே அஞ்சி மற்றவர்கள் கதவடைத்த நேரத்தில், கதவைத் திறந்து வைத்ததும் இதே மருத்துவமனைதான். நீண்டநாள் நோய்க்கு நீண்டநாள் துணை என்பதைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த ஊர் தாம்பரம்! அந்த ஊரின் குழந்தைக்கு ஒரு நாள் முகாமா விடை?

பிளவு எங்கே இருக்கிறது?

இல்லை என்று சொல்ல எதுவுமில்லை, தோழர்களே, எல்லாம் இருக்கிறது! 2013இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் முப்பது குறைபாடுகளில் உதடு, அண்ணப் பிளவும் ஒன்று. பிறப்பிலிருந்து பதினெட்டு வயது வரை தேடிக் கண்டறிந்து காப்பதே அதன் நோக்கம். மாவட்டந்தோறும் ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையம். அதில் பேச்சுப் பயிற்சியாளரும் பல் மருத்துவரும் உளவியலாரும் இருக்கவேண்டும் என்று விதியும் இருக்கிறது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகிறது. குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை. செங்கற்பட்டில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி. பள்ளிக்கரணையிலும் வண்டலூரை அடுத்த இரத்தினமங்கலத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள். முட்டுக்காட்டில் 2005இல் தோன்றிய, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். தெருவுக்குத் தெரு அங்கன்வாடி. வீட்டுக்கு வீடு வரும் சுகாதாரச் செவிலியர்.

உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன, கூடவில்லை! உதடு ஒரு பக்கம், அண்ணம் ஒரு பக்கம், காது ஒரு பக்கம், பல் ஒரு பக்கம். ஒன்றின் வாசலில் நிற்பவருக்கு மற்றொன்றின் வழி தெரியாது. இப்போது சொல்லுங்கள், பிளவு குழந்தையின் முகத்திலா இருக்கிறது? நம் ஏற்பாட்டின் முகத்தில் இருக்கிறது! முதலில் தைக்கவேண்டியது அதைத்தான்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், வாழ்த்துவோம். ஆனால் படுக்கைக்கும் கத்திக்கும் கணக்கெழுதத் தெரிந்த காப்பீட்டுக்கு, தாய் இழந்த கூலிக்குக் கணக்கெழுதத் தெரியாது. சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அடுக்குகிறது. பிளவு என்று ஒரு வகை அதில் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி உரிமை கேட்க வழியில்லை. சட்டத்தின் பட்டியலிலும் அந்தக் குழந்தை கடைசி வரிசையில்தான், வரிசைக்கு வெளியே!

“எழுநூறில் ஒன்றுதானே, இதற்கொரு தனி ஏற்பாடா?” என்று கேட்கும் கணக்கர்களுக்கு அவர்கள் கணக்கிலேயே விடை சொல்வேன். ஒரு நகரில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுநூறில் ஒன்று என்றால் பதினான்கு குழந்தைகள். பதினான்கு! 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து எழுபது வட்டங்களோடு அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்கு, ஆண்டுக்குப் பதினான்கு பெயரை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதா? எண்ணிக்கை பெரிது என்றால், பணமில்லை என்கிறீர்கள். சிறிது என்றால், தேவையில்லை என்கிறீர்கள். எந்த எண்ணில்தான் உங்கள் நெஞ்சு திறக்கும்?

நாம் கேட்பது என்ன?

தெருவுக்குத் தெரு அறுவைக்கூடம் கேட்கவில்லை. அடிக்கடி செய்து தேர்ந்த கைகளே இந்த அறுவையைச் செய்யவேண்டும். அது பெரிய மையங்களில் நடக்கட்டும். அறுவை மையத்தில், அரவணைப்பு தெருவில்! இதுவே நம் கோரிக்கையின் சுருக்கம்.

ஒன்று: பிறந்த ஒவ்வொரு குழந்தையின் வாயையும் கைவிளக்கு அடித்துப் பார்க்கவேண்டும். உதடு நன்றாயிருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் வெளியே தெரியாது, தவறவிடுவார்கள். அன்றே பதிவு, அன்றே பாலாடைப் பயிற்சி, வாரந்தோறும் எடை.

இரண்டு: ஒவ்வொரு குழந்தைக்கும் ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பாளர். ஊதியம் தந்து அமர்த்துங்கள். பிளவுற்ற பிள்ளையை வளர்த்த தாயாகவோ, பிளவோடு பிறந்து வளர்ந்தவராகவோ இருந்தால் மிக நன்று. பிறப்பிலிருந்து பதினெட்டு வரை ஒரே கையேடு. வெள்ளம் கொண்டுபோனாலும் கணினியில் மற்றொரு படி.

மூன்று: பேச்சு, காது, பல் ஆகிய மூன்றுக்கும் குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ அரசு மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நிலையான நாள். அங்கன்வாடிப் பணியாளருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் பயிற்சி. வல்லுநர் வழி காட்டட்டும். வீட்டருகே உள்ளவர் நாள்தோறும் பயிற்றட்டும்.

நான்கு: மருத்துவம் பார்க்கும் நாளுக்குப் பயணச் செலவும், தாய் இழக்கும் கூலிக்கு ஈடும்.

ஐந்து: இந்த ஏற்பாட்டை நடத்தும் குழுவில் பெற்றோர் உட்காரவேண்டும். பார்வையாளராக அல்ல, வாக்குரிமையோடு! யாருக்கு வலிக்கிறதோ அவர் வாய் திறக்கும் மன்றமே மக்களாட்சி.

கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும் இந்த ஐந்தையும் கேட்போம். நம் கொடியே பறந்தாலும் இரட்டிப்பு உரக்கக் கேட்போம்.

கேட்பதோடு நம் கடன் தீர்ந்ததா? கிளைச் செயலாளர்களே, வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறீர்களே, அதே கால்களுக்கு இந்த வேலையையும் கொடுங்கள். உங்கள் வட்டத்தில் பிளவோடு பிறந்த குழந்தை இருக்கிறதா? எந்தக் கட்டத்தில் மருத்துவம் நின்றது? எதனால் நின்றது? கேளுங்கள்; எழுதுங்கள்; மாமன்ற உறுப்பினர் மேசையில் வையுங்கள். அந்தத் தாய் போரூருக்கோ செங்கற்பட்டுக்கோ போகும் நாளில், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம் வீட்டுப் பெண்களைத் துணைக்கு அழையுங்கள். துணைக்குப் போக நீங்களே முன்வாருங்கள். ஆனால் ஒன்று. படம் எடுக்காதீர்கள்! பதாகை கட்டாதீர்கள்! அந்தக் குழந்தையின் முகம் நம் விளம்பரப் பலகை அல்ல.

என் பங்குக்கு நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். கணக்குப்பிள்ளையின் மூக்குப் பேச்சை வெட்டிவிட்டேன். “சிரிப்பு குறையுமே!” என்றார் நடிகர். குறையட்டும் என்றேன். வட்டிக்காரனின் கணக்குப் புத்தகத்திலேயே வேண்டிய மட்டும் வேடிக்கை இருக்கிறது. ஒரு குழந்தையின் அண்ணத்திலிருந்து அதைக் களவாட வேண்டியதில்லை.

சென்ற வாரம் முடிச்சூருக்குப் போயிருந்தேன். பையனுக்குப் பேச்சுப் பயிற்சி மீண்டும் தொடங்கியிருக்கிறது. இரயிலில் உடன் போய்வரக் கிளைத் தோழர்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினொரு வயதில் பழைய தடத்தை அழிப்பது கடினம். ஆண்டுகள் ஆகலாம் என்றார் பயிற்சியாளர். சுவரோரம் அமர்ந்து, உதட்டைக் குவித்து, காகிதத் துண்டு ஒன்றை வாய்க்கு முன்னே பிடித்துக்கொண்டு, அது அசையும்படி ஒரே எழுத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். ‘ப... ப... ப...’ பத்து முறையில் இரண்டு முறை காகிதம் அசைந்தது. வண்ணம் படிந்த கையோடு தந்தை வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு வயதில் வந்திருக்கவேண்டிய எழுத்து அது. ஏழாண்டு பிந்தி வருகிறது. அந்த ஏழாண்டைத் திருடியது யார்? கிரகணமா? இல்லை. நாம்தான்! அடுத்து பிறக்கும் குழந்தையிடமும் அந்த ஏழாண்டைத் திருடப் போகிறோமா என்பதற்கு, தோழர்களே, விடை நம் வாயில் இருக்கிறது. நமக்கு அண்ணம் கூடியிருக்கிறது, வல்லினம் வருகிறது. வாய் திறந்து கேட்போம்!